தலைகீழாய் மாட்டிய பின்கதவு

எங்கள் வீட்டுப் பின்கதவு தலைகீழாக மாட்டியிருக்கிறது. சமையலறைக்குள் வந்து நிற்கிற யாருக்கும் இது சட்டென்று தெரியாது. அண்ணாந்து பார்த்தால்தான், கதவின் உச்சியில், கையை நன்றாகத் தூக்கினால் மட்டும் எட்டுகிற உயரத்தில், சந்தனமும் குங்குமமும் வரிசையாக வைத்திருப்பது கண்ணில் படும். ஆயுத பூஜைக்கு அவ்வளவு உயரத்தில் போய் யார் பொட்டு வைத்தது என்று கேட்டவர்கள் உண்டு. நான் எதையாவது சொல்லி மழுப்பிவிடுவேன். முழுவதும் சொன்னால் என் லட்சணமும் சேர்ந்து வெளியே வந்துவிடும். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது, அந்த வெட்கம் கொஞ்சம் ஆறியிருப்பதால்தான்.

வீடு காளவாசலைத் தாண்டி மேற்கே, பேருந்துச் சத்தம் எட்டாத ஒரு தெருவில் இருக்கிறது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மூன்றாவது ஆள் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஐம்பத்தெட்டு ஆகிறது. இரண்டு வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. தரையில் கைகளை ஊன்றி நகர்வாள். நான்கு சின்னச் சக்கரம் வைத்த ஒரு பலகையும் உண்டு. அதில் உட்கார்ந்து கைகளால் தள்ளிக்கொண்டு கூடம், சமையலறை, படுக்கையறை என்று வீடு முழுக்கச் சுற்றி வருவாள். சக்கர நாற்காலி ஒன்றும் இருக்கிறது. அது ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் கட்டிலுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்.

சும்மா உட்கார்ந்திருக்கிறவள் இல்லை. காளவாசலில் ஒரு தையல் கடையிலிருந்து ஜாக்கெட்டுகள் பை நிறைய வரும். கொக்கி வைப்பது, ஓரம் மடித்து அடிப்பது எல்லாம் அக்காவின் வேலை. பையைக் கொண்டுவருவதும் திருப்பிக் கொடுப்பதும் நான். எந்த ஜாக்கெட்டை எந்த அம்மாள் எந்தக் கல்யாணத்துக்குப் போடப் போகிறாள் என்பதுவரை அவளுக்குத் தெரியும். கடைக்கு ஒருநாளும் போனதில்லை. எல்லாம் போனில் பேசித் தெரிந்துகொண்டது.

காலை எட்டரைக்கு நானும் மனைவியும் கிளம்புவோம். பின்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, முன்கதவை வெளியே பூட்டு போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போவோம். தாழ்ப்பாள் நிற்கிற ஆளின் தோள் உயரத்தில் இருந்தது, எல்லா வீட்டிலும் இருப்பதுபோல. மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருந்தோம், அவசரத்துக்கு. அதை அக்காவிடம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. சாவி இருந்தும் உள்ளேயிருந்து வெளிப்பூட்டை அவள் எப்படித் திறப்பாள் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக்கூட நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. மாலை ஐந்தரைக்கு நான் வந்து திறப்பேன். வீடு கட்டிக் குடிவந்த பதினைந்து வருடங்களும் அப்படித்தான் நடந்தது. எங்கள் கண்ணில் அதற்குப் பெயர் பாதுகாப்பு.

இந்த ஏற்பாட்டில் ஒரு பூனை வந்து சேர்ந்தது. பழுப்பும் வெள்ளையுமாய், யாரையும் மதிக்காத ஒரு பெண்பூனை. மழைக்கு ஒதுங்கி வந்தது, அக்காவின் மடியில் ஏறியது, அதோடு சரி, இறங்கவில்லை. எனக்குப் பூனை ஆகாது. சோபாவைப் பிறாண்டும், பாலை உருட்டும், எல்லாவற்றுக்கும் மேல் நம்மைப் பார்க்கிற பார்வையில் ஒரு அதிகாரம் இருக்கும். மனைவி, "மதினிக்குப் பகல்ல ஒரு துணை ஆச்சுல்ல, விடுங்க" என்றாள். விட்டேன். நாங்கள் கிளம்பும்போது பூனை உள்ளே இருந்தால் பகல் முழுக்க உள்ளே, வெளியே இருந்தால் பகல் முழுக்க வெளியே. அதற்கும் எங்கள் ஆபீஸ் நேரம்தான்.

ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், நான் மேலதிகாரியின் அறையில் கூட்டத்தில் இருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அக்கா. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது, அணைத்து வைத்தேன். மனைவி வகுப்பில் இருந்தாள். டீச்சர்கள் போனைப் பையில் வைத்துவிட்டுத்தான் வகுப்புக்குள் போக வேண்டும். எதிர்வீட்டுக்காரர்கள் பேரனுக்கு முடியிறக்க அழகர்கோவில் போயிருந்தார்கள். மூன்று இடத்துக்கும் போட்டுப் பார்த்திருக்கிறாள், மாறி மாறி.

கூட்டம் முடிந்து நான் கூப்பிட்டபோது, "ஒண்ணும் இல்ல, சாயங்காலம் வா" என்றாள். நானும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

மாலையில் வந்து திறந்தால் அக்கா பின்கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒட்டடைக் கம்பு இரண்டாக ஒடிந்து கிடந்தது. தாழ்ப்பாளைச் சுற்றிக் கதவெல்லாம் கம்பு குத்திய தழும்பு. கதவைத் திறந்தேன். பூனை துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. ஒரு காது கிழிந்து தொங்கியது, பின்காலில் ரத்தம். கொல்லைப்புறத்து இரும்புக் கேட் வழியாக இரண்டு நாய்கள் உள்ளே வந்திருக்கின்றன. பூனை ஓடிவந்து பின்கதவைப் பிறாண்டியிருக்கிறது.

"கதவுக்கு அந்தப் பக்கம் அது கத்துது. இந்தப் பக்கம் நான் இருக்கேன்" என்றாள் அக்கா. "கம்பு தாழ்ப்பா வரைக்கும் எட்டுது. தள்ள முடியல. தள்ளத் தள்ள வழுக்குது. நீ கூப்புட்டப்ப அது சத்தமும் அடங்கிருச்சு."

அவள் அழவில்லை. பூனையைத் துண்டில் சுற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள். பிழைத்துவிட்டது. திரும்பிக் கொண்டுவந்து மடியில் வைத்தபோது அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. ஏன் போன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து எதிரில் நிறுத்தினாள்.

"தம்பி, அதுக்கு ஒரு வாசல் வேணும். அதுவா வரணும், அதுவா போகணும். யாரையும் கூப்புட்டுக் கூப்புட்டுக் காத்துக் கெடக்கக் கூடாது."

போனைக் காட்டினாள். கதவின் அடியில் சின்னதாக ஒரு சதுரம், அதில் முட்டித் தள்ளினால் திறந்து தானே மூடிக்கொள்கிற ஒரு பிளாஸ்டிக் மூடி. வெளிநாட்டுப் பூனை ஒன்று பெரிய மனுஷி மாதிரி அதன் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. சரி என்றேன். செய்துவிட வேண்டும் என்று உண்மையிலேயே தவித்தேன். அவள் சொன்னதில் பூனை மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அளவு தெரியாமல் வாங்கக் கூடாது என்று அக்கா தையல் டேப்பை எடுத்துப் பூனைக்கு மார்புச் சுற்றளவு எடுத்தாள், தோள் அகலம் எடுத்தாள், ஜாக்கெட் தைக்கப் போவதுபோலத் துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தாள். ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். நான்கு நாளில் அட்டைப் பெட்டி வந்துவிட்டது. அவனியாபுரம் பக்கம் கதவு செய்கிற பட்டறையில் ஒரு கார்பெண்டரைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையோடு வந்து நின்றார். பெட்டியைப் பிரித்து அந்தப் பிளாஸ்டிக் மூடியை விரலால் இரண்டு மூன்று தரம் தள்ளிப் பார்த்தார்.

"இது எதுக்குண்ணே?"

"பூனைக்கு."

"கதவுல ஓட்டை விழுந்தா அடைக்கத்தாண்ணே எங்களக் கூப்புடுவாக. ஓட்டை போடணும்னு கூப்புட்ட மொத ஆளு நீங்கதான்." கொஞ்சம் யோசித்து, "தலைவாசல்லயா?" என்றார்.

"பின்கதவுல."

"அப்பச் சரி. தலைவாசல்னா நான் கை வெக்க மாட்டேன்."

வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கூடவே நின்று நொய்நொய் என்று எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். அன்றைக்கென்று பார்த்து, "அடியில இருந்து அரை அடி விட்டு வெட்டுங்க" என்று ஒரு வாக்கியத்தில் உத்தரவு போட்டுவிட்டு டீ வாங்கப் போனேன். மனைவி காலையிலேயே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ரம்பச் சத்தத்துக்குப் பயப்படும் என்று அக்கா பூனையோடு படுக்கையறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். கார்பெண்டர் தாழ்ப்பாளைக் கழற்றி எண்ணெய் விட்டு வைத்துவிட்டு, கதவைப் பெயர்த்துக் கொல்லையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் கிடத்தியிருந்தார்.

டீயோடு திரும்பி வந்தபோது வெட்டி முடித்துவிட்டார். சதுரத் துண்டு கீழே கிடந்தது. ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு இழைத்து, ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்திருந்தார். கதவின் மேல்முனையில்.

நான் கத்திய கத்தலில் டீ பாதி கீழே போனது. கண்ணு தெரியுதா இல்லையா என்றேன், பூனைக்கு ரெக்கை இருக்கா என்றேன், இன்னும் என்னென்னவோ. அவர் கதவைச் சுற்றி வந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பொட்டு இருக்குறது மேல்பக்கம்னு நெனச்சுட்டேண்ணே" என்றார். "எந்த வீட்டுலண்ணே கதவோட அடியில குங்குமம் வெப்பாக?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். கதவின் உள்பக்கத்தில், அடியிலிருந்து ஓர் அடி உயரத்தில், பொட்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, பழைய சந்தனம் காய்ந்து அதன் மேல் புதுச் சந்தனம் வைத்து, வருடா வருடம் சேர்ந்தவை. ஆயுத பூஜைக்குக் கிரைண்டர், பீரோ, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் அக்காதான். தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவன் நான். பொட்டு எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டு அக்கா பின்வாசல்வரை வந்திருந்தாள்.

"அது நான் வெச்சது. உக்காந்தபடி வெக்கிற எனக்கு அதுதான் வாகு" என்றாள் கார்பெண்டரிடம்.

அவர் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் அவளிடமே சொன்னார்.

"தப்பு எம்மேலதாங்க்கா. தாழ்ப்பா கழட்டுன ஸ்க்ரூ ஓட்டையப் பாத்திருக்கணும். நான் குங்குமத்தப் பாத்துட்டேன்."

புதுக் கதவு போடலாமா, வெட்டிய துண்டை ஒட்டி அடைக்கலாமா என்று நான் எகிறிக்கொண்டிருந்தேன். அவர்தான் வழி சொன்னார். கதவு சாதாரணப் பலகைக் கதவு, இரண்டு முனையும் ஒன்றுதான். அப்படியே சுற்றி, மேல்முனையைக் கீழே விட்டு மாட்டிவிடலாம். இடப்பக்கம் இருந்த கீல் வலப்பக்கம் போகும். கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டார். வெட்டிய சதுரம் ஒழுங்காகத் தரைக்குப் பக்கத்தில் வந்தது, மூடியும் பொருந்தியது. பொட்டுகள் உச்சிக்குப் போயின. தாழ்ப்பாளை அதன் பழைய திருகு ஓட்டைகளிலேயே மாட்டினார். அது இப்போது தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது.

"இத இப்பைக்கு இப்படியே விட்டுட்டுப் போறேண்ணே. துருப்புடிச்சிருக்கு, புதுசு வாங்கிட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து மேல ஏத்தித் தாரேன்" என்றார்.

"மறந்துறாதீங்க, ரொம்பக் கீழ இருக்கு" என்றேன் நான்.

அக்கா அண்ணாந்து உச்சியைப் பார்த்துச் சிரித்தாள். "என் குங்குமம் எம்புட்டு ஒசரம் போயிருச்சு பாரு" என்றாள். தாழ்ப்பாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பூனை அந்த வாசலைச் சீந்தவே இல்லை. அக்கா அந்தப் பக்கம் நெத்திலிக் கருவாட்டை வைத்து இந்தப் பக்கமிருந்து தள்ளிவிட்டுப் பார்த்தாள். தலையை மட்டும் நுழைத்து முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டிப் பார்த்தோம். அதன் முன்னால் உட்கார்ந்து கால் நக்கியது. இதற்காகவா இந்தப் பாடு பட்டோம் என்று நான் புலம்பினேன். ஆனால் புதன்கிழமையிலிருந்து ஒன்றைக் கவனித்தேன். காலையில் நாங்கள் கிளம்பும்போது உள்ளே தூங்குகிற பூனையின் காலில், மாலையில் வரும்போது கொல்லைச் செம்மண் ஒட்டியிருந்தது. ஆக நம் கண் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு தனியாக இருக்கும்போது பழகிவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆபீஸில் இரண்டு பேரிடம் பெருமையடித்தேன்.

"பழகிருச்சுபோல?" என்று அக்காவிடம் கேட்டதற்கு, "அது போகும் வரும்" என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை அலுவலகப் பகுதியில் மின்சாரப் பராமரிப்பு. கம்ப்யூட்டர் ஓடாது என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். கூடத்தில் ஜாக்கெட்டுக் குவியலின் மேல் பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா இல்லை. படுக்கையறையில் இல்லை, குளியலறையில் இல்லை. பலகையையும் காணோம். சமையலறைக்கு ஓடினால் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

அந்த நிமிடம் என் மனது என்னென்ன நினைத்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. போன் போட்டேன், அது ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் கிடந்து அடித்தது. செருப்புக்கூடப் போடாமல் கொல்லைக் கேட்டைத் தாண்டிச் சந்துக்குள் ஓடினேன். கேட்டின் கொக்கி முழங்கால் உயரத்தில்தான் இருக்கும். அதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சந்து முனையில் புங்கமரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். ஒரு அம்மாள் பல வருடமாய் அங்கே துணி தேய்க்கிறார். அந்த நிழலில், பலகையில் உட்கார்ந்து, கையில் டீ கிளாஸோடு அக்கா இருந்தாள். தேய்த்த சேலையின் மடிப்பைக் காட்டி ஏதோ சொல்ல, அந்த அம்மாள் சிரிக்க, இவளும் சிரித்தாள். வாயைத் திறந்து, தோள் குலுங்க. வீட்டில் அவள் சிரிப்பாள், ஆனால் இந்தச் சிரிப்பு எனக்குப் புதிது. அதைப் பார்த்தபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன், எரிந்து விழுந்தேன்.

"என்ன காரியம் பண்ணிட்டு இருக்க? யாரு ஒன்னய வெளிய வரச் சொன்னது? வண்டி கிண்டி வந்தா என்ன ஆகுறது?"

தெருவில் வைத்து. வேற்று ஆள் முன்னால். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "டீ இன்னும் பாதி இருக்கு. குடிச்சிட்டு வாரேன். நீ போ" என்றாள்.

நான் போகவில்லை. வெறுங்காலோடு வெயிலில் நின்றேன். இஸ்திரிக்கார அம்மாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "நாலு நாளா வாராகண்ணே. பதினஞ்சு வருசமா செவுத்துக்கு அந்தப் பக்கம் கொரலு மட்டுந்தான் கேக்கும். பூனையக் கூப்புடுற கொரலு, பாட்டுப் பாடுற கொரலு. இப்பத்தான் மொகத்தப் பாத்தேன்."

பலகை கற்களில் தடுக்கித் தடுக்கி வீடு வந்து சேர்கிறவரை பின்னாலேயே வந்தேன். படியில் அவள் முதலில் பலகையை மேலே தூக்கி வைத்தாள், பிறகு கைகளை ஊன்றித் தன்னை ஏற்றிக்கொண்டாள். நான் கை கொடுக்கப் போனேன். "வேண்டாம், இது இப்பப் பழகிருச்சு" என்றாள். உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டாள். கை எக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே.

மனைவி வந்த பிறகு பேச்சு ஆரம்பித்தது. பேச்சு என்ன, நான்தான் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை கார்பெண்டர் வந்து தாழ்ப்பாளை மேலே ஏற்றட்டும், அதுவரை பின்கதவுக்கும் ஒரு பூட்டு போட்டுவிடலாம், காலம் கெட்டுக் கிடக்கிறது, தனியாக இருக்கிற பொம்பளை, யாராவது உள்ளே நுழைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று அடுக்கினேன். அக்கா கொக்கி தைப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதுக்கு ஒரு வாசல் வேணும்னு சொன்னேன். எட்டு ஒம்பது நாள்ல ஆள் வந்து வெட்டியாச்சு. கதவையே தலைகீழா மாட்டியாச்சு" என்றாள். "வீடு கட்டும்போது நான் ஒண்ணு கேட்டேன். நெனவிருக்கா?"

நினைவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நினைவு வந்துவிட்டது. நிலை நிறுத்திக் கதவு மாட்டிய நாள். பழைய வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "தாழ்ப்பாளக் கொஞ்சம் கீழ வெக்கச் சொல்லுடா, எனக்கு எட்டுறாப்ல" என்றாள். நான் என்ன சொன்னேன் என்பதும் வார்த்தை மாறாமல் நினைவு வந்தது. "நாங்க இருக்கோம்லக்கா, ஒனக்கு எதுக்கு?" என்றேன்.

பாசமாகத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அவள் தோளைத் தட்டியதாகக்கூட ஞாபகம். பதினைந்து வருடம் அவளைப் பூட்டி வைத்தது அந்தப் பாசம்தான். திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள். பாசமாகச் சொன்னதற்கு என்ன பதில் சொல்வாள்? ஒரு பூனை பதினைந்து நிமிடம் கதவுக்கு வெளியே கத்தியதற்கு நான் பதறிக்கொண்டு வழி செய்தேன். உள்ளே இருந்தவள் கத்தவில்லை, அதனால் அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

மனைவி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். "திருடன் வந்துருவான்னா பூட்டினோம்? மதினி பத்திரமா இருக்காகன்னு நாம நிம்மதியா வேல பாக்கணும்னு பூட்டினோம். நானுந்தான்." நாங்கள் இரண்டு பேரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா நன்றாகச் சாப்பிட்டாள், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கார்பெண்டர் சொன்னபடி புதுத் தாழ்ப்பாளோடு வந்தார். அதை எங்கே மாட்டுவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கடைசியில், "அக்காகிட்டக் கேளுங்க" என்றேன்.

அவர் பலகைக்கு எதிரில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். "எந்த ஒசரத்துலக்கா வெக்க?" என்றார்.

அக்கா முதலில் பின்கதவைக் காட்டினாள். அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், துருப்பிடித்ததை மட்டும் மாற்றினால் போதும். பிறகு பலகையைத் திருப்பிக்கொண்டு கூடத்தைத் தாண்டி முன்வாசலுக்குப் போனாள். தலைவாசல் கதவில் கையை வைத்து, தன் தோள் உயரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.

"இங்கயும் ஒண்ணு."

கார்பெண்டர் என்னைப் பார்த்தார். தலைவாசலில் கை வைக்க மாட்டேன் என்று சொன்ன ஆள். நான் தலையாட்டினேன். அவர் எழுந்து கைகழுவிவிட்டு வந்து, மேல்நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பிறகு துளை போட்டார். மேலே ஏற்கெனவே இருந்த தாழ்ப்பாளுக்குக் கீழே, குட்டியாக இன்னொன்று வந்தது. அக்கா அதைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள். எண்ணெய் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இரண்டு பேரும் கிளம்பினோம். வழக்கம்போல என் கை பூட்டைத் தேடி ஆணியில் தடவியது. "வெளிய பூட்டாத" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "சாத்திட்டுப் போங்க. நான் போட்டுக்கிறேன்." சாத்தினோம். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் பழக்கதோஷத்தில் கதவை இழுத்துப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நாலைந்து முறை போனை எடுத்தேன், கூப்பிடாமல் வைத்தேன். கூப்பிட்டால் அதுவும் ஒரு பூட்டு மாதிரி ஆகிவிடுமோ என்று இருந்தது. இப்படியெல்லாம் யோசிக்கிறவன் இல்லை நான். அந்த வாரம் கொஞ்சம் யோசிக்க வைத்துவிட்டது.

ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்றேன். இழுத்துப் பார்த்தேன், கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?" என்றாள் அக்கா.

ஐம்பத்தெட்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. வருகிறவர்கள் எல்லோரும் தாங்களே திறந்துகொண்டுதான் அவளிடம் வந்திருக்கிறோம்.

"நான்தான்" என்றேன்.

"நான்தான்னா?"

வேண்டுமென்றேதான் கேட்டாள். குரலிலேயே தெரிந்தது.

"நான்தான்க்கா. ஒன் தம்பி."

"இரு, ஒரு கொக்கி பாக்கி இருக்கு. தச்சுட்டு வாரேன்."

தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் சோற்றுப் பையைக் கையில் பிடித்தபடி, அவள் வந்து திறக்கட்டும் என்று நின்றேன்.